எனக்கு வேண்டியது குட்டைக் குழல்

"பேரல் எத்தனை நீளமுங்க வேணும்?" என்று துப்பாக்கி விற்பவர் போனில் கேட்டபோது, பதில் சொல்ல என்னைத் தவிர வீட்டில் எல்லாரும் தயாராக இருந்தார்கள். சமையல் வேலையாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். என் கணவர் சோபாவில் சாய்ந்தபடியே, "பெருசாவே சொல்லு அம்மணி" என்றார். ஈரோட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்திருந்த அவருடைய அண்ணன், வாயில் சோறு இருந்ததால் பேச முடியாமல், இரண்டு கைகளையும் அகல விரித்து நீளம் காட்டினார். போனில் இருப்பவருக்கு அது தெரியாது என்பது அவருக்குத் தோன்றவில்லை. "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்று நான் போனை வைத்துவிட்டேன்.

"இதுல யோசிக்க என்ன இருக்குது?" என்றார் கணவர்.

யோசிக்க நிறைய இருந்தது. அந்தத் துப்பாக்கியைத் தூக்கப் போவது நான். அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு ஒன்றேகால் மணி நேரம் நின்று அறுபது முறை சுடப் போவது நான். வலிக்கப் போவது என் இடது தோள். சோபாவுக்கும் சோற்றுத் தட்டுக்கும் இதில் ஒரு சம்பந்தமும் கிடையாது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பீளமேட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். நாற்பத்தெட்டு வயது. ஐந்தடியைத் தொட ஓர் அங்குலம் பாக்கி. என் கணவர் ஆறடி. வீட்டுக்குப் பக்கத்துத் தெருவிலேயே லேத் பட்டறை வைத்து மோட்டார் பம்புகளுக்கு உதிரி பாகங்கள் கடைந்து கொடுக்கிறார். துப்பாக்கிக்கும் எங்கள் குடும்பத்துக்கும் பரம்பரைத் தொடர்பு எதுவும் இல்லை. மாமனாரும் மாமியாரும் காரமடைப் பக்கம் அடுத்தவர் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்கள். என் வீட்டிலும் அதே கதைதான். துப்பாக்கி என்பது தோட்டத்துச் சொந்தக்காரர் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் சாமான், அவ்வளவுதான்.

ரேஞ்சுக்கு முதலில் போனவர் என் கணவர். சர்க்கரை எல்லை தாண்டுகிறது, மனசை அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னதும், பட்டறை வாடிக்கையாளர் ஒருவர் நடத்தும் துப்பாக்கி சுடும் கிளப்பில் போய்ச் சேர்ந்தார். குடும்பத்துக்கே சேர்த்து மெம்பர்ஷிப். கேன்வாஸ் ஜாக்கெட், தட்டையான அடிப்பாகம் உள்ள ஷூ என்று எல்லாம் வந்து இறங்கின. இரண்டு வாரம் போனார். ஏர் ரைபிள் சுட வேண்டுமென்றால் மூச்சை அடக்கி, அசையாமல், வாய் பேசாமல் நிற்க வேண்டும். அவருக்கோ "என்னோட பம்பு புஷ் என்னாச்சுங்க" என்று கேட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒரு போன் வரும். அவரால் போனை எடுக்காமல் இருக்க முடியவில்லை. மூன்றாவது வாரம் ஜாக்கெட் பீரோவுக்குள் போனது. வீணாகப் போகிறதே என்று ஒரு சனிக்கிழமை நான் போனேன். அப்படியே ஒட்டிக்கொண்டேன்.

ஏன் ஒட்டிக்கொண்டேன் என்று கேட்டால், அங்கே யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. பத்து மீட்டர் தள்ளி ஓர் அட்டை. அதன் நடுவில் கடுகைவிடச் சிறிய ஒரு வெள்ளைப் புள்ளி. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சாம்பாருக்குப் புளி ஊறவைத்தேனா, ஒன்பதாம் வகுப்புத் தாளைத் திருத்தினேனா என்பதெல்லாம் போய்விடுகிறது. எனக்கென்று வாரத்தில் இருந்த நேரம் அதுதான். ஆறு மாதத்தில் நன்றாகவே சுட ஆரம்பித்தேன். முதல் நாற்பது குண்டு வரைக்கும்.

நாற்பதுக்கு மேல் துப்பாக்கியின் மூக்கு இறங்கத் தொடங்கும். கிளப்பில் இருந்தவை எல்லாம் நீளக் குழல் வைத்த துப்பாக்கிகள். முன்பக்கம் பாரம். நெட்டையான ஆட்களுக்கு அந்தப் பாரம் நல்லது, துப்பாக்கி ஆடாமல் நிற்கும். என் போன்ற குட்டைக் கைக்காரிக்கு இடது கையை அவ்வளவு தூரம் முன்னால் கொடுத்துத் தாங்க முடியாது. முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றினால் கை பாதியிலேயே நின்றுவிடும். மிச்சக் குழல் எல்லாம் அந்தரத்தில் தொங்கும். அந்தத் தொங்கலை என் தோள் இழுத்துப் பிடித்தது. மாதக்கணக்கில் பிடித்தது. ஒரு நாள் கரும்பலகையின் மேல் வரியை எழுதக் கையைத் தூக்கினேன், கை பாதிக்கு மேல் வரவில்லை. நான் இடது கைக்காரி, எழுதுவதற்கு மட்டும். துப்பாக்கியை எல்லாரையும் போல வலது பக்கம்தான் பிடிக்கிறேன்.

இதைக் கோச் முன்பே கவனித்திருந்தார் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. கவனித்து என்ன? அவர் பொள்ளாச்சிக்காரர். மரியாதையில் கரைந்து போகிற மனிதர். ஒரு பெண்ணைப் பார்த்து, அதுவும் டீச்சரைப் பார்த்து, "நீங்கள் குள்ளம், இந்தத் துப்பாக்கி உங்களுக்கு ஆகாது" என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

"நல்லாத்தானுங்க இருக்குது மேடம். கடைசியில மட்டும் கொஞ்சம் கீழ போகுதுங்க. அது பழகப் பழகச் செரியாயிருமுங்க."

"எனக்குத் துப்பாக்கி நீளமா இருக்குதுங்களா சார்?"

"அப்படியெல்லாம் இல்லீங்க. உங்களுக்கு எது செட் ஆகுதோ அதுதானுங்க அளவு."

எது செட் ஆகும் என்று தெரிந்துகொள்ளத்தானே அவரிடம் கேட்கிறேன். இந்த ஊரில் ஒருவரிடமிருந்து நேரான பதில் வாங்குவதற்குள் உயிர் போய்விடும். தோள் வைத்தியம் பார்த்த பிசியோதெரபிஸ்ட் அம்மா மட்டும் கேரளத்துக்காரர் என்பதால் பிழைத்தேன். "கனம் குறைந்த, குட்டையான துப்பாக்கி கிடைத்தால் சுடுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். இரண்டில் ஒன்று" என்றார். அன்றுதான் சொந்தமாக ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தேன். சரியான அளவில் கிடைத்தால் சுடலாம். கிடைக்காவிட்டால் என் சனிக்கிழமைகள் போய்விடும். விஷயம் அவ்வளவு சுருக்கமானது.

ஆனால் சுருக்கமான விஷயம் எதுவும் எங்கள் வீட்டில் சுருக்கமாக இருப்பதில்லை. கோயமுத்தூரில் பட்டறை வைத்திருக்கும் எவரிடமும் எந்தப் பொருளின் அளவைப் பற்றியும் வாய் திறக்கக் கூடாது. என் கணவரின் வேதம் ஒன்றுதான். மோட்டார் வாங்கினால் தேவைக்கு மேல் எச்.பி. சேர்த்து வாங்க வேண்டும். கிணற்றுக்கு மூன்று போதுமென்றால் ஐந்து போட வேண்டும். பைப் ஒன்றரை இன்ச் போதுமென்றால் இரண்டு இன்ச் போட வேண்டும். எங்கள் வீட்டுக் கிரைண்டரில் மாவாட்டினால் தெருவுக்கே இட்லி ஊற்றலாம். சமையலறை மேடையும் சிங்க்கும் அவர் நின்று பார்த்துக் கட்டிய உயரம். நான் ஒரு மரப்பலகை மேல் ஏறி நின்று பாத்திரம் கழுவுகிறேன். கேட்டால், "உசரமா இருந்தா முதுகு வலிக்காது அம்மணி" என்பார். அவர் முதுகைச் சொல்கிறார்.

"நீளமான பேரல்னா ஃபோர்ஸ் சேத்தி வரும். பம்புல டெலிவரி பைப் மாதிரிதான்" என்று அவர் விளக்கம் கொடுத்தார்.

"பத்து மீட்டர் சுடறதுக்கு எதுக்குங்க அத்தன ஃபோர்ஸ்? அட்டையத்தானுங்க சுடறோம், ஆனையவா சுடறோம்?"

"இருந்தா நல்லதுதானே?"

நான் விடாமல் படித்தேன், கேட்டேன், தாளில் போட்டும் பார்த்தேன். இந்தப் போட்டித் துப்பாக்கிகளில் சிலிண்டரில் அடைத்த காற்றை அளவாகத்தான் திறந்து விடுகிறார்கள். குண்டுக்கு வேண்டிய வேகம் குட்டைக் குழலிலேயே கிடைத்துவிடுகிறது. நீளக் குழலால் ஒரே ஒரு லாபம் உண்டு. கண்ணுக்குப் பக்கத்தில் குறிபார்க்க இருக்கும் சைட்டுக்கும் குழல் முனையில் இருக்கும் சைட்டுக்கும் இடைவெளி கூடும். இடைவெளி கூடினால் குறியில் வரும் கோணப் பிழை குறையும். அது உண்மை. ஆனால் கை நடுங்கினால் அந்த லாபம் எதற்கு? குறி சுத்தமாகத் தெரியும், துப்பாக்கி எவ்வளவு ஆடுகிறது என்பதும் சுத்தமாகத் தெரியும். இதை நான் கணவரிடம் கோணம் வரைந்து காட்டினேன். அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "கணக்கெல்லாம் செரிதான், பிராக்டிகல்னு ஒன்னு இருக்குதில்ல" என்றார். பத்தாம் வகுப்புப் பையன்கள்கூட என்னிடம் இப்படிப் பேசியதில்லை.

அவருடைய அண்ணன், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வேறொரு கோணத்தில் வந்தார். "சின்னதா வாங்கிப்போட்டு நாளைக்குப் பத்தலீன்னா என்ன பண்ணுவ? பெருசா இருந்தா வேணுங்கற மாதிரி பழகிக்கலாம். சின்னத பெருசாக்க முடியாது பாத்துக்க."

இந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அண்ணனுக்கும் தம்பிக்கும் வருடத்துக்கு ஒரு புதுச் சட்டை, கிறிஸ்துமஸுக்கு. அதை மாமியார் இரண்டு வருட வளர்த்திக்கு விட்டுத் தைக்கச் சொல்வாராம். தோள் தொங்கும், கை மறையும். அந்தச் சட்டையோடு சர்ச்சில் முன்வரிசையில் உட்கார்ந்து பாடுவார்களாம். சட்டை சரியாகப் பொருந்துகிற காலம் வரும்போது அது கிழிந்து போயிருக்கும். அளவு பார்த்து வாங்குகிற வசதி அவர்களுக்கு இருந்ததே இல்லை. கிடைக்கிறபோது பெரிதாக வாங்கிவிட வேண்டும் என்பது அவர்கள் உடம்பிலேயே ஊறிவிட்டது. அதைச் சொல்லும்போது இருவரும் சிரிப்பார்கள், எனக்குச் சிரிப்பு வராது. எல்லாம் புரிகிறது. புரிந்தாலும் என் தோள் என் தோள்தானே. நான் நாற்பத்தெட்டு வயதில் எதற்குள்ளும் வளரப் போவதில்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் கிளப்பில் ஒரு சிறிய போட்டி நடந்தது. அதற்குத் திருப்பூரிலிருந்து ஒரு பல் டாக்டர் அம்மா வந்திருந்தார். என் உயரம், என் வயசு. அவர் கையில் இருந்த துப்பாக்கியைப் பார்த்ததும் நான் பக்கத்தில் போய் நின்றுவிட்டேன். கிளப்பில் இருக்கும் அதே கம்பெனி, அதே வகை, குழல் மட்டும் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாகக் குட்டை. அவர் சுட்டு முடித்ததும் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"ஏனுங்க, ஒருக்கா புடிச்சுப் பாக்கலாமுங்களா?"

"அதுக்கென்னங்க, தாராளமாப் புடிங்க" என்று கொடுத்தார்.

எடுத்துக் கன்னத்தில் வைத்தேன். முழங்கை இடுப்பில் உட்கார்ந்தது. உள்ளங்கை எங்கே முடிந்ததோ அங்கே துப்பாக்கியின் பாரமும் முடிந்தது. முன்னால் எதுவும் இழுக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொருள் என் அளவில் இருந்தது. பத்துக் குண்டு சுட்டுப் பார்த்தேன், தோள் இருப்பதே தெரியவில்லை. குழலின் நீளத்தை டாக்டர் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, வீட்டுக்கு வரும் வழியிலேயே விற்பவரைக் கூப்பிட்டு அந்த அளவைச் சொல்லிவிட்டேன். வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், சில மாதம் ஆகும் என்றார். ஆகட்டும் என்றேன். பாக்கி விவரத்துக்கு என் கணவரின் நம்பரைக் கொடுத்தேன், ஏனென்றால் பார்சல் பட்டறை முகவரிக்கு வர வேண்டும்.

பார்சல் வந்தது. கணவரே தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஹாலில் பாயை விரித்துப் பெட்டியைத் திறந்தோம். திறந்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. மில்லிமீட்டர் கணக்கில் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கிளப் துப்பாக்கிகளைவிட இது இன்னும் ஒரு விரல் நீளம்.

"தப்பா அனுப்பிப்போட்டாங்க" என்றேன்.

"தப்பெல்லாம் இல்ல. நாந்தான் போன் பண்ணி மாத்திச் சொன்னேன்" என்றார், முகம் மலர. "குட்டையும் நெட்டையும் ஒரே ரேட்டுன்னாரு. ஒரே ரேட்டுக்கு எதுக்கு அம்மணி கம்மியா வாங்கோணும்? உனக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு சொல்லல."

பிறந்த நாளுக்குக் கேக் வெட்டுகிறபோது இருக்கும் முகம் அவருக்கு. அந்த முகத்தைப் பார்த்துக் கத்தவும் முடியவில்லை. நான் எழுந்து சமையலறைக்குப் போய்ப் பலகை மேல் ஏறி நின்று, சுத்தமாக இருந்த பாத்திரங்களை மறுபடி கழுவினேன். அவர் பின்னாலேயே வந்தார்.

"புடிக்கலியா?"

"ஏனுங்க, என்னால அத ஏந்த முடியாதுங்க. பிசியோதெரபி அம்மா சொன்னது உங்களுக்கும் தெரியுமில்லீங்க?"

 அதற்கு அவர் சொன்னதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"இவ்வளவுதானா? நாளைக்குப் பட்டறைக்குக் கொண்டு போயி லேத்துல போட்டு அறுத்துப்போடறேன். உனக்கு எத்தன வேணுமோ அத்தன வெச்சுக்க. நீளமா வாங்குனதுல அதுதான் வசதி."

பம்பு ஷாஃப்டை அறுப்பது போல! குழல் முனையில் மயிரிழை பிசகினாலும் குண்டு போகிற திசை மாறிவிடும். கோச்சுக்குப் போன் போட்டு அவரிடமே கொடுத்தேன். அந்தப் பக்கத்தில் மரியாதைக்காரருக்கே பதற்றம் வந்துவிட்டது. "சார், சார், அத மட்டும் பண்ணிப்போடாதீங்க சார், வேஸ்டாப் போயிருமுங்க" என்று கெஞ்சியது எனக்கு இங்கே கேட்டது. துப்பாக்கி பிழைத்தது. இருந்தும் அன்றிரவு பெட்டியை என் துணி பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டுதான் படுத்தேன். ஒரு பட்டறைக்காரரை நம்ப முடியாது.

திருப்பி அனுப்ப விற்பவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆர்டர் கொடுத்து வரவழைத்தது, சார்தானுங்க மாத்தச் சொன்னாரு என்றார். அடுத்த சனிக்கிழமை அதைக் கிளப்புக்குக் கொண்டு போனேன். பழகிக்கொள்ளலாம் என்று நிரூபிப்பதற்காகக் கணவரும் கூட வந்தார். நான் இருபது குண்டு சுட்டேன். இருபத்தோராவதுக்குத் துப்பாக்கியைத் தூக்கும்போது தோளுக்குள் ஏதோ சுருக்கென்று இழுத்தது. கீழே வைத்துவிட்டுச் சுவரோரமாய்ப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"புடிக்கற விதத்துல இருக்குது" என்று அவர் எழுந்தார். பீரோவில் கிடந்த ஜாக்கெட்டை எடுத்து வந்திருக்கிறார், எனக்கே தெரியாது. போட்டுக்கொண்டு போய் நின்றார். ஆறடி மனிதர். நீளமான கை. முழங்கை இடுப்பில், உள்ளங்கை துப்பாக்கியின் நடுவில், கன்னம் துப்பாக்கிக் கட்டையில். நான் ஒன்றரை வருடம் தேடிய நிற்றல் அவருக்கு ஒரு நிமிடத்தில் வந்துவிட்டது. போனை ஸ்விட்ச் ஆஃப் செய்திருந்தார். சுட்டார். ஒன்பது, ஒன்பது, பத்து. கோச் வேகமாகப் பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குதுங்க."

நேரான பதிலே வராத வாயிலிருந்து வந்த முதல் நேரான பதில் அது. எனக்கு அந்த இடத்தில் எல்லாம் தெளிவானது. என் கணவர் எனக்காக அளவு யோசித்தபோதெல்லாம் அவர் உடம்பை வைத்துத்தான் யோசித்திருக்கிறார். அதில் கள்ளம் கிடையாது, வேறு உடம்பு ஒன்று இருப்பது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். கள்ளம் இருந்திருந்தால் சண்டையாவது போடலாம்.

அவர் துப்பாக்கியை வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து மிகவும் பெருந்தன்மையாகச் சொன்னார். "நீ சொன்னது செரிதான் அம்மணி. உனக்கு இது ஆகாது. நானே வெச்சுக்கறேன்."

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நான் சபித்துக்கொண்டேதான் கழித்தேன். சனிக்கிழமை தோறும் இருவரும் சேர்ந்து போவோம். எனக்காக வாங்கிய துப்பாக்கியை வைத்து அவர் சுடுவார். நான் பக்கத்து இடத்தில் கிளப்பின் பழைய துப்பாக்கியோடு நின்று, முப்பது குண்டோடு நிறுத்திக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து அவர் அறுபதை முடிப்பதைப் பார்ப்பேன். காரில் திரும்பும்போது ஹோப் காலேஜ் சிக்னல் வரைக்கும் அவர் எந்தக் குண்டு எங்கே போனது என்று சொல்லிக்கொண்டே வருவார். சர்க்கரை இறங்கிவிட்டது. அவருக்கு நல்லது நடந்ததில் எனக்குச் சந்தோஷம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் என் கேன்வாஸ் ஜாக்கெட்டின் பின்கொக்கியை மாட்டக்கூட இடது கை பின்னால் போகாமல் நான் அவரிடம் முதுகைக் காட்டி நிற்க வேண்டியிருந்தது. பிசியோதெரபி அம்மா என் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னுமா அதையே சுடுகிறீர்கள்? இந்த மாதத்தோடு நிறுத்துங்கள்" என்று சொல்லிவிட்டார்.

நிறுத்துவதற்கு முன்னால் ஒரு முறை முயன்று பார்த்துவிடுவது என்று என் சேமிப்பை எடுத்தேன். பள்ளிக்கூட இடைவேளையில் மரத்தடியில் நின்று விற்பவரைக் கூப்பிட்டேன். குட்டைக் குழல், இன்ன அளவு, கூடவும் கூடாது குறையவும் கூடாது, என்று கரும்பலகையில் எழுதுவது போல் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். அவரும் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். "ஆச்சுங்க மேடம், புக் பண்ணிர்றேனுங்க" என்றார். கணவரிடம் அன்று இரவே சொல்லிவிட்டேன், யாரும் இதில் தலையிடக் கூடாது என்று. அவர் தலையாட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தோம். கணவரின் போன் அடித்தது. பட்டறைச் சத்தத்துக்காக எப்போதும் உச்சத்தில் வைத்திருக்கும் போன், அதனால் அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் நன்றாகக் கேட்டது.

"சார், வணக்கமுங்க. மேடம் குட்டை மாடல் சொல்லியிருக்காங்க. போன தடவ மாதிரி ஆயிரக் கூடாது பாருங்க, அதான் உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு கூப்புட்டேனுங்க. அனுப்பலாமுங்களா?"

கணவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். போனை என்னிடம் நீட்டுவார், அல்லது அவங்ககிட்டயே கேளுங்க என்று சொல்வார் என்று எதிர்பார்த்துக் கையைக்கூட நீட்டிவிட்டேன்.

"ஆமாங்க, மேடம் சொன்னதயே அனுப்புங்க" என்றார் அவர். "நான் சொல்றேன், தைரியமா அனுப்புங்க."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சொல்லிப்போட்டேன்" என்றார் என்னிடம், பெரிய உதவி ஒன்றைச் செய்து முடித்த நிம்மதியோடு. ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்தது. சுற்றிலும் சபையார் நின்று நலம் விசாரித்துக்கொண்டிருந்ததால் சிரித்த முகமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு காரில் ஏறினேன். என் காசு, என் தோள், என் கணக்கு. அவர் சரி என்று சொன்ன பிறகுதான் அது கப்பல் ஏறியது.

அது வந்து சேர்ந்தபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. இந்த முறை பெட்டியை நான்தான் பிரித்தேன். அளவு நான் சொன்ன அளவுதான். அதுவரை தோளுக்கு முழு ஓய்வு கொடுத்து, சொல்லிக் கொடுத்த பயிற்சி எல்லாம் செய்து, கை ஓரளவு மேலே போக ஆரம்பித்திருந்தது. சனிக்கிழமை காலையில் கிளப்புக்குப் போய் என் இடத்தில் நின்றேன். பக்கத்து இடத்தில் கணவர். அன்று நான் அவரைப் பார்க்கவில்லை, மார்க்கையும் பார்க்கவில்லை. குண்டுகளை மட்டும் எண்ணினேன். முப்பது தாண்டியது. நாற்பதில், பழக்கத்தால், தோள் இழுக்கப் போகிறது என்று உடம்பு காத்திருந்தது. இழுக்கவில்லை. ஐம்பதில் கால் வலித்தது, அது எல்லாருக்கும் வலிப்பதுதான். அறுபதாவது குண்டும் மற்றவை போன இடத்துக்கே போனது. துப்பாக்கியை மேசை மேல் வைத்துவிட்டு இடது கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தேன். போனது. கண் கலங்கிவிட்டது, மறைக்கத் தோன்றவில்லை.

கோச் ஓடி வந்தார். அட்டைகளைப் பார்த்தார், துப்பாக்கியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டிப் போய் என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சூப்பர் செலக்ஷனுங்க சார். மேடத்துக்கு அளவா வாங்கிக் குடுத்திருக்கறீங்க."

என் கணவர் அடக்கமாகச் சிரித்தார்.

"அளவு நான் சொன்னதுங்க" என்றேன் நான்.

"ஆமாங்க மேடம்" என்றார் கோச், மிகுந்த மரியாதையோடு. "சாரும் அதத்தானுங்க சொன்னாரு, மேடம் கேட்ட அளவையே அனுப்பச் சொல்லிட்டேன்னு."

இதற்கு மேல் அந்த இரண்டு பேரிடமும் என்ன பேச? டப்பாவில் இன்னும் குண்டுகள் இருந்தன. ஜாக்கெட்டின் பின்கொக்கியை நானே மறுபடி மாட்டிக்கொண்டு, புது அட்டையைக் கப்பியில் மாட்டி அனுப்பிவிட்டு, துப்பாக்கியை எடுத்துக் கன்னத்தில் வைத்தேன். அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு இன்னும் ஒரு அறுபதுக்குத் தெம்பு இருந்தது.